அச்சுக்கு முன் ஒரு வாசிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

புத்தகம் எழுதி முடித்துப் பதிப்பகத்துக்கு வருகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "ஒரு தடவை புரூஃப் பார்த்துட்டா அச்சுக்கு அனுப்பிடலாம் இல்லையா?" என்பது. புரூஃப் பார்ப்பது கடைசி வேலை. பக்கம் வடிவமைத்த பிறகு, விட்டுப்போன எழுத்தையும் தப்பாக உடைந்த வரியையும் பிடிப்பதற்கு அது. அதற்கு வெகு முன்பே செய்ய வேண்டிய வேறொரு வேலை இருக்கிறது. பிரதியைச் செம்மையாக்குவது என்று எழுத்தில் சொல்கிறோம், பேச்சில் எடிட்டிங். என் தொழில் அதுதான்.

முதல் வாசிப்பில் நான் எதையும் தொடுவதில்லை. இந்த எழுத்தாளரின் பழக்கம் எது, கைதவறியது எது என்று தெரிய வேண்டும் அல்லவா? நெல்லைப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி "அவுக நேத்தே போனாவ" என்று பேசினால், அதைப் பாடப்புத்தகத் தமிழாக்குவது குற்றம் என்றே சொல்வேன். அதே பாட்டி ஏழாவது அத்தியாயத்தில் "போனாங்க" என்றால் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கேட்பேன். வெளியூர் மருமகளிடம் பேசுவதால் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். பதில் எழுத்தாளரிடம்தான் இருக்கிறது.

அடுத்து ஒரு தாளைத் தயார் செய்வோம். ஸ்டைல் ஷீட் என்பார்கள். கோயிலா கோவிலா, லட்சுமியா இலட்சுமியா, ஃபோனா போனா, ஆண்டுக்குப் பின்னால் 'இல்' ஒட்டி வருமா, கோடு போட்டு வருமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு. இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் ஒரே நூலில் இரண்டும் மாறி மாறி வந்தால் படிப்பவரின் கண் இடறும். சந்தேகம் வந்தால் அகராதி. 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எங்களில் பலருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. இன்று வழங்கும் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் தரும். இலங்கைத் தமிழருக்கே உரிய வழக்குகளையும் தனியாகக் குறித்துக் காட்டும்.

பிறகு சந்தி. 'மருந்துக் கடை' என்றால் மருந்து விற்கும் இடம். ஒற்று போய் 'மருந்து கடை' என்று நின்றால், மத்தை எடுத்துக் கடையச் சொல்வதுபோல் ஆகிவிடும். கணினியின் பிழைதிருத்தி இதைப் பிடிக்காது. மருந்தும் கடையும் அதற்குச் சரியான சொற்கள். 'முன்னால் நின்றான்' என்பதற்குப் பதில் 'முன்னாள் நின்றான்' என்று தட்டியிருந்தாலும் அது விட்டுவிடும். பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இன்னொரு தொல்லை. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' வந்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்குச் சொல் சரியாகவே தெரியும். ஆனால் தேடினால் அகப்படாது.

இவையெல்லாம் பழகப் பழகக் கைவந்துவிடும். உழைப்பைக் கேட்பது தகவல் சரிபார்ப்பு. கற்பனையாக ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். 1950இல் தூத்துக்குடியில் ஒரு சிறுவன் மளிகைக் கடையில் இருபத்தைந்து பைசா கொடுத்து வெல்லம் வாங்குகிறான். இந்தியாவில் நூறு பைசா ஒரு ரூபாய் என்ற கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்கு முன் பதினாறு அணாதான் ஒரு ரூபாய். ஆக அவன் நீட்ட வேண்டியது நாலணா. மறுபுறம், 1970இல் ஒருவர் "நாலணா குடு" என்று கேட்டால் அதில் கைவைக்கக் கூடாது. அணா போன பிறகும் நாலணா, எட்டணா என்ற பேச்சு நம் நாவில் வெகுகாலம் இருந்தது.

அந்தச் சிறுவனின் மாமா கொழும்பில் கடை வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அங்கே அவர் அணாவில் கணக்குப் பார்த்தால் அதுவும் பிழை. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம். மாமாவைப் பார்க்கப் பையன் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிறான். 1950 என்றால் சரி. அவனே வளர்ந்து 1966இல் மறுபடி தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கினால்? 1964 டிசம்பர்ப் புயலோடு அந்த ஊரும் ரயில்பாதையும் போய்விட்டன. அதன் பிறகு கப்பல் ஏற ராமேஸ்வரத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. கதை பாதியில் இருக்கும்போது தனுஷ்கோடியில் வாழ்ந்த ஒரு முதியவர் இந்த வரியைப் படித்தால், மீதிக் கதையை அவர் நம்ப மாட்டார். அந்த ஒரு வாசகருக்காக அரைநாள் செலவழிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மேற்கோள்களையும் மூலத்தோடு ஒப்பிட்டே விடுவோம். நினைவிலிருந்து எழுதும்போது யாருக்கும் சீர் மாறும். "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" திருமந்திர வரி; வேறு பெரியவர்கள் பெயரில் அது வந்து நிற்பது சகஜம். சினிமாப் பாட்டு வரிகளை எடுத்தாண்டிருந்தால் உரிமை பற்றியும் கேட்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு.

எழுத்தாளரிடம் கேட்கும் முறையும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி. "இந்த இடம் தவறு" என்று எழுதினால் அவருக்கு மனம் சுருங்கும். "இது 1950, அணா என்று மாற்றலாமா?" என்று கேட்டால் அவரே நன்றி சொல்லித் திருத்துவார். நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் அவர் கண்ணில் படும்படி கோப்பை அனுப்புவேன். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை.

இத்தனையும் பக்க வடிவமைப்புக்கு முன்னால் முடிய வேண்டும். பக்கம் கட்டிய பிறகு ஒரு பத்தியை நீக்கினால் அடுத்தடுத்த பக்கங்கள் நகரும். பொருளடக்கமும் சொல்லடைவும் மாறும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சடிக்கும்போது, மிஞ்சி நிற்கும் இரண்டு பக்கம்கூடச் செலவைக் கூட்டும்.

ஆனால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால், நவம்பர் கடைசியில்தான் பல பிரதிகள் எங்கள் மேசைக்கு வருகின்றன. நானூறு பக்க நாவலைச் சில நாட்களில் படித்துத் தரச் சொல்கிறார்கள். அப்போது சந்தியைப் பார்க்க நேரம் கிடைக்கும். தனுஷ்கோடியைப் பார்க்கக் கிடைக்காது. எழுத்தாள நண்பர்களே, ஆடி பிறக்கும் முன்பே பிரதியைக் கொடுத்துவிடுங்கள். பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எடிட்டிங்குக்கான ஊதியத்தை, தாளுக்கும் அட்டைக்கும் ஒதுக்குவது போலத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள், செம்மையாக்கியவரின் பெயரைப் பதிப்பு விவரப் பக்கத்தில் போடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.