சோற்றின் மேல் விழுந்த பழி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றில் இருபத்தாறு வருடம் உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வெளியே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசை மேல் ஒரு சின்னத் தராசு. அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், சோறு சாப்பிடலாமா?" ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்து நிற்பதுபோல, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, அறுபது வயதை ஒட்டியவர், ஒரு நாள் வந்தார். ராத்திரிச் சோற்றை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. "சப்பாத்திதான் மேடம் திங்கிறேன். சோத்தைக் கண்ணால பாக்குறது இல்ல. ஆனா சுகர் எறங்கவே மாட்டேங்குது" என்றார். மாத்திரையைத் தவறவிடுகிறாரா என்று கேட்டேன். இல்லை. டீயில் சர்க்கரை? அதையும் விட்டுவிட்டார். சரி, அடுத்த முறை வரும்போது ராத்திரி சாப்பிடுவதை அப்படியே டப்பாவில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

கொண்டுவந்தார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால் நான்கு சப்பாத்தி, கனமாகத் தேய்த்து எண்ணெய் விட்டுச் சுட்டது. பக்கத்தில் உருளைக்கிழங்கு குருமா. ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். ஒரு சப்பாத்திக்கு 40 கிராம் மாவாவது பிடித்திருக்கும். நான்குக்கும் சேர்த்து 160 கிராம். முன்பெல்லாம் ராத்திரிக்கு எவ்வளவு அரிசி போடுவீர்கள் என்று கேட்டேன். தன் பங்குக்கு முக்கால் ஆழாக்கு என்றார். அது நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் நம் நாட்டு உணவுகளை அளந்து ஒரு அட்டவணை வெளியிட்டது. அதன்படி நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து 78 கிராம், கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. அந்த அம்மா சோறு சாப்பிட்ட நாளில் உள்ளே போன மாவுச்சத்து 80 கிராம் சொச்சம். சப்பாத்திக்கு மாறிய பிறகு நூறைத் தாண்டிவிட்டது. உருளைக்கிழங்கும் எண்ணெயும் தனி.

கணக்கைச் சொன்னதும் அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசமா ஒரு வாய் சோத்துக்கு ஏங்கிக் கெடந்தேனே" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டேன்.

மாவுச்சத்து எதிலிருந்து வந்தாலும் குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். எவ்வளவு வேகமாகச் சேரும் என்பதில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. முழுக் கோதுமையில் நார்ச்சத்து கூடுதல்தான். ஆனால் அதை நைசாக அரைத்து, நான்கு, ஐந்து என்று அடுக்கினால் அந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. இது என் மேசை அனுபவம் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து 2025-ல் ஒரு முடிவை வெளியிட்டது. நாம் சாப்பிடுவதில் கிடைக்கும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொண்டால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவை வைத்தபோதுதான் ஆபத்து குறைவாக இருந்தது.

கேழ்வரகும் அப்படித்தான். அருமையான தானியம். நூறு கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. பிள்ளைகளுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் நான் சளைக்காமல் சொல்லும் தானியம் அது. ஆனால் "சுகருக்கு நல்லது" என்று காலையில் ஒரு பெரிய சொம்பு கூழைக் குடித்துவிட்டு வருகிறார்கள். பொடித்த மாவு, தண்ணீரில் நன்றாக வெந்து குழைந்தது, மெல்ல வேண்டிய வேலையே இல்லை. விறுவிறுவென்று செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதே கேழ்வரகைக் களியாகக் கிண்டி, அளவான ஒரு உருண்டையைக் கீரைக் குழம்போடு சாப்பிட்டால் அப்படி ஏறாது.

இங்கே என் தவறையும் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். நகல் எடுத்து நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போன தாள். ஒரு பக்கம் "சாப்பிடலாம்", இன்னொரு பக்கம் "சாப்பிடக் கூடாது". "பூமிக்கு அடியில் விளைபவை கூடாது" என்று அதில் ஒரு வரி. பல வருடம் அந்தத் தாளை நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முள்ளங்கியும் கேரட்டும் மண்ணுக்கு அடியில்தான் விளைகின்றன. நூறு கிராமில் ஏழு கிராம் மாவுச்சத்துகூட இல்லை. நெல்லும் கரும்பும் மண்ணுக்கு மேலேதான் விளைகின்றன. இந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் முள்ளங்கிச் சாம்பாரை விட்டார்களோ என்று நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. உருளைக்கும் மரவள்ளிக்கும் அளவு வேண்டும், சரி. அவை சோற்றுக்குப் பதிலாக வரலாம், சோற்றோடு கூட்டாக வரக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். வெல்லத்தில் நூற்றுக்கு 85 பங்கு போலச் சர்க்கரைதான். கருப்பட்டிக் காபியில் சர்க்கரை இல்லை என்று நினைத்து மூன்று வேளையும் குடிக்காதீர்கள். இந்துப்பும் அதே கதைதான். அதிலும் இருப்பது சோடியம் குளோரைடுதான், ரத்த அழுத்தத்தை அதுவும் ஏற்றும். பெரும்பாலும் அயோடினும் சேர்க்கப்பட்டிருக்காது. ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் என்ற கணக்கு எந்த உப்புக்கும் பொருந்தும்.

அப்படியானால் அரிசியில் குறையே இல்லையா? இருக்கிறது. அதை நாம்தான் தீட்டித் தீட்டி உண்டாக்கினோம். 1890-களில் ஜாவா தீவின் பட்டாவியா நகரத்தில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வளர்த்துவந்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்றார். தீட்டாத அரிசியைப் போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போய்விட்ட பி-1 வைட்டமின்தான் காரணம் என்பது பின்னால் தெளிவானது. 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில், மெக்கரிசன் என்ற மருத்துவர் 1918-ல் மனிதர்களுக்கு இதே பி-1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. நான் சொன்ன அட்டவணையைப் போட்ட நிறுவனம் அதுதான்.

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவித்துக் காயப்போட்டு அரைக்கும் புழுங்கல் முறையில், தவிட்டில் இருக்கும் பி-1 சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். தீட்டினாலும் முழுக்கப் போகாது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய அரிசி இது. கடையில் பளபளவென்று இருக்கும் பச்சரிசியைப் பார்த்து இதை மட்டமாக நினைக்காதீர்கள். கஞ்சியை வடித்துக் கீழே கொட்டவும் வேண்டாம். சத்து அதில்தான் கரைந்து போகிறது.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோற்றுக்குப் பயந்து ராத்திரிச் சாப்பாட்டையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரியவரை விடியற்காலையில் வாய் குழறி, உடம்பெல்லாம் வேர்வையில் நனைந்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதம் என்று மகன் பதறிக்கொண்டிருந்தார். சர்க்கரையைப் பார்த்தால் 70-க்கும் வெகு கீழே. ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாகற்காய்ச் சாறு மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் சாப்பிடாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து. கை நடுக்கம், படபடப்பு, திடீர் வேர்வை வந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. கூலி வேலை செய்கிற குடும்பத்திடம் போய் "அரிசியை விடுங்கள், ஓட்ஸ் வாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கிடைக்கிறது. வரப்பில் முருங்கை இருக்கிறது. அதை வைத்துத்தான் நான் பேசவேண்டும்.

அந்த அம்மாவிடம் அப்படித்தான் பேசினேன். சோறு ஒரு கரண்டி, நன்றாக நிரம்பிய கரண்டி. பருப்போ சுண்டலோ ஒரு கிண்ணம். கீரையோ காயோ சோற்றைவிடக் கூடுதலாக. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், அப்போது சர்க்கரை மெதுவாக ஏறும் என்றேன். "சோறா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்தார். ரிசல்ட் காகிதத்தை நான் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பையிலிருந்து அதே எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார். உள்ளே முருங்கைக்கீரைப் பொரியல், தட்டைப்பயறு, ஒரு ஓரமாகப் புழுங்கல் சோறு. டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "இப்ப நிறுத்துப் பாருங்க மேடம்" என்றார்.

வணக்கம்.