நிற்கப் போகிற காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களோடு இன்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் ஆண்கள் இருந்தால் அவர்களும் எழுந்து போய்விட வேண்டாம். இது உங்கள் மனைவியின் உடம்பைப் பற்றிய பேச்சு, உங்கள் அக்காவின், அம்மாவின் உடம்பைப் பற்றிய பேச்சு.

தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவத்துக்கு வருகிற பெண்ணோடு நாலு பேர் வருவார்கள். மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில் வருகிற பெண்ணோ பெரும்பாலும் தனியாகத்தான் வருவாள், அதுவும் கடைசி நேரத்தில். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டால், "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க" என்பாள். இந்த வாக்கியம் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. எதற்கெல்லாம் இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பிரித்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் உடம்பில் நடப்பதைச் சொல்கிறேன். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கு வைப்பார்கள். நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. மேல்நாடுகளில் 51 ஆகிறது. ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்பே உடம்பு மாறத் தொடங்கிவிடும். அந்த இடைக்காலத்தைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறோம். சராசரியாக நான்கு வருடம், சிலருக்கு எட்டு வருடம்கூட நீளும். அப்படியென்றால் நாற்பது, நாற்பத்தொன்றிலேயே தொடங்கிவிடலாம். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருப்பான், மாமியார் படுக்கையில் இருப்பார், அந்த நேரம் பார்த்து இதுவும் வரும்.

சினைப்பையிலிருந்து மாதாமாதம் முட்டை வெளிவரும்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும். இந்த வயதில் சில மாதங்கள் முட்டை வெளிவராது. முட்டை வராத மாதம் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஆனால் ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கியபடி கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கும். கட்டுப்படுத்த ஆளில்லாமல் வளர்ந்த சவ்வு ஒருநாள் மொத்தமாகக் கழியும். இரண்டு மாதம் வராமல் இருந்து, மூன்றாம் மாதம் நிற்காமல் போகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

பீடி சுற்றுகிற ஒரு அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவர் உதிரப்போக்குக்காக என்னிடம் வரவில்லை. "ஆயிரம் பீடி சுத்துத கை டாக்டரம்மா, இப்பம் அறுநூறு தாண்ட மாட்டேங்கு" என்று வந்தார். கைவலி என்று நினைத்து எலும்பு மருத்துவரிடம் போக, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கே அனுப்பியிருந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம்போல் வெளுத்திருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டேன், வாங்கும் என்றார். படுத்தால் நெஞ்சு படபடக்குமா, படபடக்கும். மாதவிலக்கு எப்படி என்று கேட்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். பதினைந்து நாள் போகுமாம், கட்டி கட்டியாகப் போகுமாம். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல், மற்ற பெண்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து எழுவாராம். இரண்டு வருடமாக இப்படி. பக்கத்து வீட்டு மயினி, "நிக்கப் போகுதுல்லா, மொத்தமாக் கழிஞ்சிட்டு நின்னுரும்" என்று சொல்லியிருக்கிறார். மயினி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்.

ஹீமோகுளோபின் பார்த்தால் 6-க்கும் கீழே. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரத்தம் ஏற்றினோம். ஸ்கேன் எடுத்தோம், கர்ப்பப்பை உட்சவ்விலிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். புற்றுநோய் இல்லை, சவ்வு தடித்திருந்தது. அவ்வளவுதான். அதற்கு மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற, 'ஹார்மோன் காயில்' என்ற சிறு கருவி இருக்கிறது, ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் வேலை செய்யும். காயில் வைத்துக்கொண்டார், இரும்புச் சத்து மாத்திரை விடாமல் சாப்பிட்டார். சில மாதம் கழித்து வந்தபோது நான் கேட்குமுன்பே, "ஆயிரம் ஆயிருச்சும்மா" என்றார். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கவே தேவையிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தோம்.

அவருடைய கணவரை நான் மறக்கவில்லை. நல்ல மனுஷன், பயந்து போயிருந்தார். "எதுக்கும்மா மருந்து மாத்திரை, கர்ப்பப்பையை எடுத்துருங்களேன். இனிமே அது எதுக்கு?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே கிடையாது. இதில் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. சிலருக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டியிருக்கும். ஆனால் மருந்தில் சரியாகக்கூடிய எத்தனையோ பேருக்கு, வயது முப்பதுகளில் இருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019-ல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. மாதவிலக்கு வந்தால் வேலைக்கு வர முடியாது, கூலி போகும், அபராதம் விழும் என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பும் சீக்கிரம் தேயும். ஆகவே எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "மருந்து கொடுத்துப் பார்க்க முடியாதா? சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

சரி, எது அதிகப் போக்கு? ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால் அதிகம். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி போனால் அதிகம். ஏழு நாளுக்கு மேல் போனால், இருபத்தொரு நாளுக்குள் திரும்ப வந்தால், இடையில் பட்டால், உறவுக்குப் பிறகு பட்டால் காட்ட வேண்டும். துணி வைக்கிறவர்கள் எத்தனை தடவை மாற்றினோம் என்று எண்ணிப் பாருங்கள். காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம், சிலிண்டர் வந்த தேதி எழுதுகிறோம். வந்த தேதி, நின்ற தேதி, அதிகமாகப் போன நாள், இந்த மூன்றையும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், தேதியைக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு தாள் பல சோதனைகளுக்குச் சமம். 45-க்கு மேற்பட்டவர்களுக்கு இது நிற்கப் போகிற காலம்தான் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஹார்மோன் சோதனையே தேவையில்லை. முதலில் இரத்த அளவும் தைராய்டும் பார்ப்பார்கள். தைராய்டு ஏன் என்றால், அசதி, எடை கூடுதல், தூக்கம் கெடுதல் எல்லாம் அதிலும் வரும். வயதின் மேல் பழி போட்டுவிட்டுத் தைராய்டைத் தவறவிடக் கூடாது.

இனி, "அப்படித்தான்" என்று சொல்லக்கூடியவை. திடீரென்று மார்பிலிருந்து முகத்துக்குக் குப்பென்று அனல் ஏறும், வேர்த்துக் கொட்டும், சில நிமிடத்தில் அடங்கிக் குளிரும். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் ஒன்று உண்டு. முன்பு அகலமான வரப்பில் நடந்ததுபோல, சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உடம்பு தாங்கிக்கொண்டது. ஈஸ்ட்ரோஜென் குறையும்போது அந்த வரப்பு ஒடுங்கிவிடுகிறது. துளி சூடு கூடினாலும் உடம்பு பதறி வேர்க்கிறது. நம் ஊர் வெயிலில், மதியம் அடுப்படியில் நின்றால் கேட்கவா வேண்டும்! சூடான காபி, காரம் இதெல்லாம் சிலருக்குத் தூண்டிவிடும். உங்களுக்கு எது என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். இரவில் வேர்த்து எழுந்தால் தூக்கம் போச்சு. தூக்கம் போனால் மறுநாள் மறதி, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது. "எனக்குப் புத்தி பேதலிக்குதா டாக்டர்?" என்று ஒரு ஆசிரியை என்னிடம் அழுதிருக்கிறார். இல்லை. இந்த மறதி பெரும்பாலோருக்குப் போகப் போகச் சரியாகிவிடும்.

ஆனால் அழுகை வாரக்கணக்கில் நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது வயதின் கோளாறு என்று விடக்கூடாது. இந்தக் காலத்தில் மனச்சோர்வு வர வாய்ப்பு கூடுதல். அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டு ஆண்களுக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. "உனக்கு என்ன குறை?" என்று கேட்காதீர்கள். மருத்துவமனைக்குக் கூடப் போங்கள், வரிசையில் நில்லுங்கள்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சைகை காட்டுகிறார்கள். குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கிற ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். 2002-ல் அமெரிக்காவில் இதைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து உலகமே இந்தச் சிகிச்சைக்குப் பயந்தது. ஆனால் அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்ட, மாதவிலக்கு நின்று பத்து வருடம் ஆகாத பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே கூடுதல் என்று பின்னால் தெளிந்தது. மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

எலும்புக்குக் கேழ்வரகு, எள், மோர். தினமும் வேகமாக நடங்கள், கனம் தூக்கிப் பழகுங்கள். பிறப்புறுப்பு வறண்டு உறவில் வலி இருந்தால் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அதற்குத் தடவுகிற மருந்து உண்டு. மாதவிலக்கு ஒழுங்கில்லை என்பதற்காகக் கருத்தடையை விட்டுவிடாதீர்கள், கரு தங்கலாம். கடைசியாக ஒன்று. ஒரு வருடம் முழுக்க நின்றுபோய், அதற்குப் பிறகு துளி பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், அந்த வாரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதற்கு "அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வணக்கம்.