பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள் | லண்டன் பிரின்ஸ் சார்லஸ் சினிமா, டிசம்பர் படங்கள் | வ்லாக்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். இது லெஸ்டர் ஸ்கொயர், இங்கே அமைதி கிடைக்காது. டிசம்பரில் லண்டன் வருகிறோம், எந்தத் தியேட்டருக்குப் போகலாம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இந்தச் சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் பெரிய தியேட்டர்களை எல்லோருக்கும் தெரியும். சிவப்புக் கம்பளம் விரித்து நட்சத்திரங்கள் கையசைக்கும் இடங்கள் அவை. நான் சொல்லப்போவது அவற்றில் ஒன்று இல்லை. வடக்குப் பக்கமாக ஒரு சின்னத் தெரு ஏறுகிறது பாருங்கள், லெஸ்டர் பிளேஸ். அதைத் தாண்டினால் சைனா டவுன். அந்தத் தெருவில் 7-ஆம் எண் கட்டடம்தான் பிரின்ஸ் சார்லஸ் சினிமா.

வாசலுக்கு மேலே எழுத்துப் பலகை தெரிகிறதா? எந்தச் சங்கிலி நிறுவனத்தையும் சேராத தியேட்டர் என்பதால் அதில் என்ன எழுதுவது என்று மேலிடத்தில் கேட்க வேண்டியதில்லை. படப் பெயருக்குப் பதிலாகச் சில நாள் குறும்பாக எதையாவது எழுதி வைத்துவிடுவார்கள். அதைப் படம் பிடிக்கவே ஆட்கள் வருவார்கள்.

ஒரு நிமிடம், பக்கத்துக் கட்டடத்தையும் காட்டிவிடுகிறேன். அது நோத்ர் தாம் த பிரான்ஸ், பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயம். உள்ளே பிரெஞ்சுக் கவிஞரும் திரைப்பட இயக்குநருமான ழான் கொக்தோ வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன, பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். கோயில் ஏன் வட்டமாக இருக்கிறது என்றால், 1793-ல் ராபர்ட் பார்க்கர் என்பவர் இதே இடத்தில் வட்டமான ஒரு கட்டடம் எழுப்பி, உள்சுவர் முழுக்க ஊர்க்காட்சிகளை மாட்டி, டிக்கெட் போட்டுக் காட்டினார். பனோரமா என்று பெயர். சினிமா பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே இந்தத் தெருவில் இருட்டுக்குள் போய்ப் பெரிய படம் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது, அதனால்தான் நடுவில் நுழைத்துவிட்டேன்.

சரி, தியேட்டருக்கு வருவோம். 1962 கடைசியில் நாடக அரங்காகத்தான் இதைத் திறந்தார்கள். அப்போது சார்லஸ் 14 வயதுப் பையன். இப்போது அவர் மன்னர் ஆகிவிட்டார், தியேட்டர் மட்டும் இளவரசராகவே இருக்கிறது. நாடகம் பெரிதாக எடுபடவில்லை, சினிமாவுக்கு மாறினார்கள். எழுபதுகளில் வயது வந்தவர்களுக்கான படங்கள் ஓட்டிய காலமும் உண்டு. 1991-க்குப் பிறகுதான் பழைய படங்களையும் பெரிய திரைகளில் ஓடி முடிந்த படங்களையும் குறைந்த டிக்கெட் விலையில் போடும் இடமாக மாறியது. இன்று இரண்டு திரைகள். கீழே சுமார் 300 இருக்கை, மேலே சுமார் 100. கீழ் அரங்கில் தரை விசித்திரமாக இருக்கும். பின்வரிசையிலிருந்து இறங்கிக்கொண்டே போய், திரைக்கு அருகில் மறுபடி மேலே ஏறும். முன்வரிசையில் உட்கார்ந்தால் சாய்வு நாற்காலியில் படுத்து வானத்தைப் பார்ப்பது மாதிரி. நான் பின்பாதியில்தான் உட்காருவேன்.

இப்போது முக்கியமான விஷயம். இவர்களுடைய இணையதளத்தில் நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் தலை சுற்றும். ஒரே நாளில் இரண்டு திரையிலும் சேர்த்து ஏழெட்டுக் காட்சி, ஒவ்வொன்றும் வேறு படம். எப்படித் தேர்ந்தெடுப்பது? படத்தின் பெயரை அப்புறம் பாருங்கள். முதலில் பெயருக்குப் பக்கத்தில் 35எம்எம், 70எம்எம் என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது பிலிம் சுருளின் அகலம். இல்லையென்றால் அது டிஜிட்டல். டிஜிட்டலில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அதே படத்தை நீங்கள் வேறு எங்கேயும் பார்த்துவிடலாம். பிலிமில் ஓடும் காட்சிக்குத்தான் இங்கே வர வேண்டும்.

ஊரில் பிலிம் பெட்டி வரவில்லை என்று ஷோ தள்ளிப்போன கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பெட்டிதான் இங்கே இன்னமும் வருகிறது. கணக்குச் சொல்கிறேன். 35எம்எம் பிலிம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டு மணி நேரப் படம் என்றால் 10,800 அடி, அதாவது மூன்றே கால் கிலோமீட்டர். இதை ஆறு ரீலாகப் பிரித்து அனுப்புவார்கள். ஒரு ரீல் அதிகபட்சம் 22 நிமிடம். கேபினில் இரண்டு புரொஜெக்டர் இருந்தால், ஒன்றில் ரீல் முடியும் நொடியில் மற்றொன்றுக்கு ஆபரேட்டர் மாற்ற வேண்டும். அதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பொட்டு மின்னி மறையும். அடுத்த ஏழெட்டு நொடியில் இன்னொன்று. முதல் பொட்டுக்கு அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும், இரண்டாவது பொட்டுக்குப் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். சொல்லிவிட்டேன் அல்லவா, இனி ஒவ்வொரு பழைய படத்திலும் உங்கள் கண் அங்கேதான் போகும். மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிலிம் என்றாலே உசத்தி என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. எழுபதுகளின் பிரிண்ட்கள் பல நிறம் போய்விட்டன. நீலமும் பச்சையும் மங்கி, வானம் முதல் முகம் வரை எல்லாமே இளஞ்சிவப்பாகத் தெரியும். ரீல் தொடக்கத்திலும் முடிவிலும் கோடு கோடாகக் கீறல் வரும். சிலருக்கு அதுவே இனிக்கிறது. எனக்கு, அந்தப் படத்தை முதல் முறையாகப் பார்ப்பதாக இருந்தால், நன்றாகச் செப்பனிட்ட டிஜிட்டலே போதும். ஏற்கெனவே பார்த்த படம் என்றால் கீறலோடு பார்க்கலாம்.

ஆனால் 70எம்எம் என்று போட்டிருந்தால் யோசிக்காதீர்கள், வாங்கிவிடுங்கள். நம்மூரில் 1986-ல் மாவீரன் வந்தபோது போஸ்டரில் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டார்கள், தமிழில் முதல் 70எம்எம் படம் என்று. இன்று அது வெறும் பெருமைச் சொல் ஆகிவிட்டது, ‘70எம்எம் பல்லைக் காட்டாதே’ என்று திட்டுவதற்குக்கூடப் பயன்படுகிறது. நிஜ 70எம்எம் பிரிண்டில் ஒரு சட்டத்தின் பரப்பு 35-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதை ஓட்டும் இயந்திரமும் ஓட்டத் தெரிந்தவரும் உள்ள தியேட்டர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. இங்கே 1968-ல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி அந்த வடிவில் அவ்வப்போது வரும். நடுவில் இடைவேளையும் உண்டு. ஆமாம், லண்டனில் இடைவேளை! மற்ற பெரும்பாலான படங்களுக்குக் கிடையாது, அதனால் உள்ளே போகும் முன்பே பாத்ரூம் போய்விடுங்கள்.

டிசம்பருக்கு வருவோம். நவம்பர் பாதியிலேயே கிறிஸ்துமஸ் படங்கள் தொடங்கிவிடும். வருடா வருடம் தவறாமல் வருவது இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப், பல காட்சிகள் 35எம்எம்-ல். 1946-ல் வெளியானபோது அது பெரிய வசூல் எதுவும் செய்யவில்லை. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்காவின் உள்ளூர் டிவிக்காரர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுத் தள்ள, ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது. யாரோ ஒரு குமாஸ்தாவின் மறதியில் பிழைத்த படம் என்றே வைத்துக்கொள்ளலாம். இங்கே அரங்கம் நிறைந்து, கடைசிக் காட்சியில் முன்பின் தெரியாதவர்கள் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நடக்கும் அடிதடிப் படமான டை ஹார்டும் கட்டாயம் உண்டு. அது கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று ஆங்கிலேயர்கள் வருடா வருடம் சண்டை போடுவார்கள். வெளியானது என்னவோ 1988 ஜூலையில்.

தேதி சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். நான் சொல்லி, எடிட் செய்து, ஏற்றுவதற்குள் நல்ல காட்சிகள் தீர்ந்திருக்கும். விமான டிக்கெட் போட்ட அன்றே இவர்கள் இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கூடவே பாடும் காட்சிகள். தி சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்தைப் பாட்டு வரிகளோடு திரையிட்டு, அரங்கமே சேர்ந்து பாடும் வழக்கம் 1999-ல் லண்டன் படவிழா ஒன்றில் முளைத்து, இந்தத் தியேட்டரில்தான் தொடர் நிகழ்ச்சியாக வேர்விட்டது. பிறகு உலகம் சுற்றியது. ஆண்களும் கன்னியாஸ்திரி உடையில் வருவார்கள். படம் தொடங்கும் முன் ஒருவர் மேடையேறி, யார் வந்தால் கைதட்ட வேண்டும், யார் வந்தால் ஊளையிட வேண்டும் என்று பாடம் எடுப்பார். நமக்கு இந்தப் பாடமெல்லாம் தேவையில்லை, முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவர்கள்தானே. 2024-ல் கில்லி மறுபடி வந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஒவ்வொரு வசனத்தையும் நாயகனுக்கு முன்பே ஜனங்கள் சொல்லவில்லையா? அதேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே எந்தக் காட்சியில் கத்தலாம், எந்தக் காட்சியில் மூச்சு விடக்கூடாது என்று நிரலிலேயே பிரித்துவைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கத்த வந்தவனும் நிம்மதி, படம் பார்க்க வந்தவனும் நிம்மதி.

கத்துவதில் உச்சம் தி ரூம். 2003-ல் டாமி வைசோ என்பவர் தானே எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த படம். உலகின் மிக மோசமான படங்களில் ஒன்று என்று பெயர் வாங்கி, அதனாலேயே பிழைத்துக்கொண்டது. நாயகன் வீட்டு அலங்காரத்தில் சட்டம் போட்ட ஒரு கரண்டிப் படம் இருக்கும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. அது திரையில் தெரியும்போதெல்லாம் அரங்கத்தில் பிளாஸ்டிக் கரண்டிகள் பறக்கும். பல வருடமாக இங்கே இதைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். சில சமயம் வைசோவே நேரில் வந்து நிற்பார். மோசமாகப் படம் எடுத்துவிட்டு அதைக் கொண்டாட வந்தவர்களோடு செல்ஃபி எடுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும், அவரிடம் இருக்கிறது. ஆனால் முதல் முறை லண்டன் வருபவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் பாதி நகைச்சுவை, படத்தை முன்பே பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

இரவு முழுக்க ஓடும் தொடர் காட்சிகளும் உண்டு. பைஜாமா போட்டுக்கொண்டு தலையணையோடு வருவார்கள். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்று பாகத்தின் நீளமான வடிவத்தையும் ஒரே மூச்சில் போடுவார்கள், அது 11 மணி நேரத்துக்கும் மேல். இளவட்டங்கள் போகலாம். நள்ளிரவில் முடியும் காட்சி என்றால் வெள்ளி, சனியில் போங்கள். அந்த இரண்டு இரவும் லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்தில் பிக்கடில்லி, நார்தர்ன் ரயில்கள் விடிய விடிய ஓடும்.

இந்தத் தியேட்டர் எப்போதும் இருக்கும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். 2025 ஜனவரியில் இவர்களே ஒரு அறிக்கை விட்டார்கள். குத்தகை அந்தச் செப்டம்பரில் முடிகிறது, புதுக் குத்தகையில் ஆறு மாத முன்னறிவிப்பில் காலி செய்யச் சொல்லும் நிபந்தனையைக் கட்டட உரிமையாளர் தரப்பு கேட்கிறது என்று. ஆறு மாதத்தில் கிளம்பச் சொல்வார்களோ என்ற பயத்தோடு எப்படி அடுத்த வருடப் படங்களை வரவழைப்பது? ஆதரவு மனுவில் ஓரிரு நாளிலேயே லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. பிறகு இந்தப் பகுதியின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் இதைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பதிவு செய்தது. அப்படியென்றால், கட்டடத்தை விற்க முன்வந்தால் ஊர் மக்கள் அமைப்பு ஒன்று வாங்க முயற்சி செய்வதற்கு ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் அது விற்பனைக்கான பாதுகாப்பு. வாடகைக்கு இருப்பவரைக் கிளப்புவதை அது தடுக்காது. லண்டனின் நடுமையத்தில் இவ்வளவு விலையுள்ள நிலத்தில் கரண்டி எறியும் தியேட்டர் இருப்பதே அதிசயம் என்பது என் கருத்து.

இவர்களுடைய பார்வையாளர்கள் சும்மா இருக்கிறவர்கள் இல்லை என்பதற்கு இன்னொரு உதாரணம். 2024 ஜூனில், சாட்ஜிபிடி எழுதிய திரைக்கதை என்று சொல்லப்பட்ட ஒரு படத்தின் முதல் திரையிடலை இங்கே வைத்திருந்தார்கள். எதிர்ப்பு குவிந்ததும் ரத்து செய்துவிட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாடிக்கையாளர் சொல்லி ஒரு தியேட்டர் நிரலை மாற்றியது என்பதே பெரிய செய்திதான்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே படத்தின் வயதுச் சான்றிதழ் விஷயத்தில் கறார். 12ஏ என்றால் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் துணையோடு விடுவார்கள். 15, 18 என்று போட்டிருந்தால் அந்த வயதுக்குக் குறைந்தவர்களை அப்பா அம்மா கூட இருந்தாலும் விட முடியாது, வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை. டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படமாச்சே என்று பொடிசுகளைக் கூட்டிவந்துவிடாதீர்கள். அவர்களுக்கு மப்பெட் பொம்மைகள் நடித்த கிறிஸ்துமஸ் கரோல், கூடவே பாடும் காட்சியாக வரும், அதைப் பாருங்கள்.

உள்ளே போனை எடுக்காதீர்கள், குறிப்பாகப் பிலிம் காட்சிகளில். 2012-ல் இவர்கள் தலை முதல் கால் வரை கறுப்பு உடை போட்ட தன்னார்வலர்களை இருட்டில் நிறுத்தி, பேசுகிறவர்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நிற்க வைத்தார்கள். நிஞ்சா என்று பெயர். அவர்களுக்குச் சம்பளம் இலவச டிக்கெட். அந்த வேலை இப்போது கிடைத்தால் நானே விண்ணப்பிப்பேன்.

சரி மக்களே, டிக்கெட் இணைப்பைக் கீழே போட்டிருக்கிறேன். உறுப்பினர் அட்டை வாங்கினால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் தள்ளுபடி உண்டு. ஒரே ஒரு படம் பார்ப்பவர்களுக்கு அது வேண்டாம், மாதக்கணக்கில் தங்குபவர்கள் வாங்குங்கள். அடுத்த வீடியோவில் ஈஸ்ட் ஹாம். வருகிறேன்.