நூறு ரூபாயில் ஆகச் சிறந்தது எது? குறைந்த செலவில் கிறிஸ்துமஸ் பரிசுகள்

[திரையில்: டிசம்பர் மாலை. மார்த்தாண்டம் கடைவீதி. கடைகளின் முகப்பில் காகித நட்சத்திரங்கள்.]

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டுக்காகச் சீட்டுக் குலுக்கினார்கள். யாருக்கு யார் பரிசு தருகிறார் என்பது கடைசி நாள்வரை இரகசியம். விலை 200 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. நான் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். பொன்னிறப் பட்டையும் கண்ணாடி மூடிய பெட்டியுமாக, பார்வைக்கு இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் போலவே இருந்தது. புத்தாண்டு பிறப்பதற்கு முன்பே அது நின்றுவிட்டது. அதைப் பெற்றுக்கொண்ட அக்கா என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால், ஜனவரி முழுவதும் தம்முடைய பழைய கடிகாரத்தையே கட்டிக்கொண்டு வந்தார். அதே நாளில் எனக்குக் கிடைத்தது, பனையோலைப் பெட்டியில் அடுக்கிய கருப்பட்டி. கொடுத்தவர் செலவழித்ததும் 200 ரூபாய்க்குள்தான். கருப்பட்டி அந்த மாதமே கரைந்துவிட்டது. ஓலைப் பெட்டியில் எங்கள் வீட்டில் இன்றும் சின்ன வெங்காயம் இருக்கிறது.

இந்த இரண்டு பரிசுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் இந்த வீடியோவில் விளக்கப் போகிறேன். கையில் பணம் குறைவாக இருக்கும்போது நாம் பெரும்பாலும் செய்கிற தவறு, விலை உயர்ந்த ஒரு பொருளின் மலிவான போலியைத் தேடிப் போவது. 150 ரூபாய்க்குக் கிடைக்கும் தோல் பர்ஸ் தோலாக இருக்காது. 150 ரூபாய் வாசனைத் திரவியம் பேருந்து ஏறும்வரைகூட மணக்காது. ஆனால், அதே 150 ரூபாயில், தன் வகையில் அதைவிட மேலானது இல்லை என்று சொல்லத்தக்க பொருள்களும் உலகில் இருக்கின்றன. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், களியக்காவிளையிலுள்ள கேரள எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் வாழ்கிற நமக்கு, அவை கொஞ்சம் அதிகமாகவே வாய்த்திருக்கின்றன.

[திரையில்: 1993, 2009 என்ற இரண்டு ஆண்டுகள்.]

பொருள்களுக்குப் போகும் முன் ஆய்வுகள் இரண்டைப் பார்த்துவிடுவோம். 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், தங்களுக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசுகளைத் தாங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார். பரிசுக்குச் செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்பது அவருடைய கணக்கு. நெருங்கிய நண்பர்கள் கொடுத்த பரிசுகளில் இழப்பு குறைவாகவும், வயதில் தள்ளியிருக்கும் அத்தை, மாமா, தாத்தா, பாட்டி போன்றவர்கள் கொடுத்தவற்றில் அதிகமாகவும் இருந்தது. பாசத்தின் மதிப்பை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பாசத்தைக் கழித்துவிட்டுப் பரிசை அளப்பது, உப்பைக் கழித்துவிட்டுக் குழம்பை ருசி பார்ப்பது போன்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும், பெறுபவரின் அன்றாட வாழ்க்கை நமக்குத் தெரியாவிட்டால் பணம் வீணாகும் என்ற அவருடைய முடிவை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது, பிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் ஆகிய இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு. விலை கூடக்கூட நன்றியும் கூடும் என்று கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். பெறுபவர்களின் மனத்திலோ விலைக்கும் நன்றிக்கும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. நிச்சயதார்த்த மோதிரங்களைப் பற்றிக் கேட்டபோதும் இதே விடைதான் கிடைத்தது. மோதிரத்துக்கே இந்த நிலை என்றால், அலுவலகச் சீட்டுப் பரிசுக்காக நாம் இவ்வளவு தவிக்க வேண்டியதில்லை.

[திரையில்: தேன் பாட்டில், கருப்பட்டி, மட்டிக்குலை, கிராம்பு.]

இனிப் பொருள்களுக்கு வருவோம். மார்த்தாண்டம் என்றால் தேன். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராமப் பணிக்காக இங்கே வந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், பெட்டிகளில் தேனீ வளர்க்கும் முறையைச் சிறு விவசாயிகளிடம் பரப்பினார். 1990-களின் தொடக்கத்தில் பரவிய வைரஸ் நோய் ஒன்றால் ஏராளமான தேனீக் கூட்டங்கள் அழிந்தபோதும், தொழில் அழியாமல் மீண்டது. இன்று இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. பூவிலிருந்து அல்லாமல், ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் துளிர்விடும்போது அதன் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் அதைச் சேகரிக்கின்றன என்பதை, ரப்பர் தோட்டத்தின் நடுவே வாழ்பவர்களிலேயே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்தத் தகவலை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பாட்டிலின் கழுத்தில் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து வந்திருக்கும் உறவினர் தேனைவிட முதலில் அட்டையைத்தான் மற்றவர்களிடம் காட்டுவார்.

தேன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரப்பர் தேனில் ஈரப்பதம் இயல்பாகவே கூடுதல் என்பதால், சரியாகப் பதப்படுத்தாதது புளித்து நுரைத்துவிடும். ஆகவே அக்மார்க் முத்திரை உள்ளதையோ, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த வளர்ப்பாளர் தருவதையோ வாங்குங்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற சோதனைகளை நம்ப வேண்டாம். அடியில் உறைந்து படிகமாவது கலப்படத்தின் அடையாளம் அல்ல. பாட்டிலை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி அந்த வயதில் கடுமையான நோயை உண்டாக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தேன் வேண்டாம்.

அந்த வீட்டுக்கு மட்டிப்பழம் கொண்டு போகலாம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளப் பழம், தேன் மணம், குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கும் பழமாக நம் வீடுகளில் இது இருந்துவந்திருக்கிறது. ஒரு சீப்பை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தால் போதும். குமரியின் மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பும் 2021இல் அதே குறியீட்டைப் பெற்றது. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொடுத்தால், கேக் சுடுகிற வீட்டுக்கும், இனிப்பைத் தொடக் கூடாத சர்க்கரை நோயாளிக்கும் அது பொருத்தமான பரிசு. தேனும் கருப்பட்டியும் சர்க்கரை நோய்க்கு நல்லவை என்று சொல்லி அவர்களிடம் நீட்டாதீர்கள்; இரண்டும் இனிப்புதான்.

கருப்பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் இங்கே ஈரக் காலம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கருப்பட்டி இளகிவிடும். முன்பு அடுப்புக்கு மேலே புகைபடும்படி வைத்துக் காத்தார்கள். இன்று நாம் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்து, கொடுக்கும் நாளன்று ஓலைப் பெட்டிக்கு மாற்றினால் போதும். சீனி கலந்து காய்ச்சியது சந்தையில் நிறைய இருப்பதால், காய்ச்சுகிறவர் யார் என்று தெரிந்து வாங்குவதே வழி.

[திரையில்: அடுப்பங்கரை. எண்ணெயில் பொரியும் முந்திரிக்கொத்து.]

இனி, பட்ஜெட். மொத்தம் 1,000 ரூபாய், பரிசு பெற வேண்டியவர்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 125 ரூபாய் என்று சமமாகப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்வது; எட்டுப் பரிசுகளும் அரைகுறையாக முடிவதும் அதனால்தான். அந்த ஆண்டு யாருக்கு உண்மையாகவே ஒரு தேவை இருக்கிறதோ அந்த இருவருக்கு 300, 250 என்று ஒதுக்குங்கள். மீதி 450 ரூபாயில், மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பலகாரம் செய்யுங்கள்.

என் தேர்வு முந்திரிக்கொத்து. வறுத்துப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய்த் துருவல், ஏலம் ஆகியவற்றைக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மும்மூன்றாகச் சேர்த்துப் பொரித்தெடுப்பது. இதில் முந்திரிப் பருப்பு கிடையாது என்பது வெளியூர்க்காரர்களை எப்போதும் குழப்பும். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. தமிழிலும் கொடிமுந்திரி என்ற பழைய சொல் உண்டு. கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டைகள் திராட்சைக் குலையை நினைவூட்டுவதால் வந்த பெயர் என்று கொள்ளலாம். தேங்காயை ஈரம் போக நன்றாக வறுத்திருந்தால் ஒரு வாரம்வரை தாராளமாக இருக்கும். அவரவர் வீட்டில் கேக் குவிந்து கிடக்கும் நாளில், கேக்கை எடுத்துக்கொண்டு வராத ஒருவரை எல்லோரும் மகிழ்ச்சியாகவே வரவேற்பார்கள்.

[திரையில்: கிழிந்த வேதாகமம். பைண்டிங் கடை. பசை, நூல், காலிக்கோ துணி.]

அந்த இருவருக்கு என்ன கொடுப்பது என்பதற்கு, நான் இதுவரை கொடுத்ததிலேயே சிறந்ததைச் சொல்கிறேன். என் அம்மாவின் வேதாகமம் முதுகு பிரிந்து, ஆதியாகமத்தின் முதல் தாள்கள் தனியாகக் கழன்றிருந்தது. புதியது வாங்கித் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன். வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக ஓரங்களில் எழுதிவைத்த தேதிகளும் பெயர்களும் புதிய புத்தகத்தில் இருக்காது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு டிசம்பரில், வாசிக்க வேறொரு பிரதியைக் கொடுத்துவிட்டு, பழையதைப் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். ஓரத்தை வெட்டி நேராக்க வேண்டாம், எழுத்துகள் போய்விடும் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். நீங்களும் சொல்ல வேண்டியிருக்கும்; வெட்டுவது அவர்களுடைய கைப்பழக்கம். கிறிஸ்துமஸ் காலையில் அதை வாங்கிக்கொண்ட அம்மா, அட்டையைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே புரட்டி, தம் தாயார் இறந்த தேதி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது.

கையிலிருக்கும் பொருளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என்ற இந்த வழி இன்னும் பலவற்றுக்குப் பொருந்தும். அப்பாவின் நின்றுபோன சுவர்க் கடிகாரம், பாட்டியின் பிடி கழன்ற அச்சுமுறுக்கு அச்சு, பூஞ்சை படிந்த திருமணப் புகைப்படம் ஆகியவற்றைப் பழுதுபார்க்க ஆகும் செலவு பெரும்பாலும் புதியது வாங்குவதைவிடக் குறைவு.

தொழிலைப் பார்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. நம் பகுதியில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன் இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கிறார்கள். அந்த விளக்கு மங்கியிருக்கிறதா என்று நவம்பரிலேயே கவனித்து வைத்திருந்தால், டிசம்பரில் என்ன வாங்குவது என்ற கேள்வியே எழாது. விளக்குக்குப் பணம் போதாவிட்டால், கத்தி தீட்ட ஒரு நல்ல சாணைக்கல் போதும்.

குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கடையில் நட்சத்திரம் வாங்காமல், ஈர்க்குச்சியும் வண்ணக் காகிதமும் பசையும் வாங்கி, ஒரு மாலை முழுவதும் அவர்களுடன் உட்கார்ந்து நட்சத்திரம் கட்டுங்கள். கோணலாக வரும், அதைத்தான் அவர்கள் வாசலில் தொங்கவிடச் சொல்வார்கள்.

[திரையில்: மலையாளச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம், சணல் கயிறு.]

கடைசியாக, பொதிவது. மினுக்குத் தாளுக்கும் பிளாஸ்டிக் பைக்கும் செலவிட வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரியிலும் கேரளம் 2020 ஜனவரியிலும் தடை செய்துவிட்டதால், எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் துணிப்பை எடுத்துப் போவதே நல்லது. கேரளத்திலுள்ள பாறசாலையில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தமிழ்ச் செய்தித்தாளிலும், இங்கிருப்பவர்களுக்கு மலையாளச் செய்தித்தாளிலும் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுப்பது என் வழக்கம். படிக்கத் தெரியாத எழுத்து எப்போதும் கொஞ்சம் அலங்காரமாகவே தெரிகிறது. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

பைண்டிங் கடையில் டிசம்பரில் கூட்டம் இருக்கும். புத்தகம் ஏதேனும் கொடுக்க வேண்டியிருந்தால் இந்த வாரமே கொண்டுபோங்கள். முந்திரிக்கொத்தை 21, 22 தேதிகளில் செய்யலாம். மட்டிப்பழம் விரைவில் கனிந்து உதிர்ந்துவிடும் என்பதால், அதை மட்டும் 23ஆம் தேதி மாலையில் வாங்குங்கள்.