டிராகனை விட்டு இறங்கி விண்கலத்தில் ஏறுவோம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் ஆட்டக்காரரை வளர்ப்பது ஒரே உலகில் ஊன்றி ஆடுவதா, பல உலகங்களுக்கு மாறி மாறி ஆடுவதா?' இதுதான் நம் முன் இருக்கும் கேள்வி. பல உலகங்களுக்கு மாறி ஆடுவதே என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணித் தலைவர் தம் வாதங்களை அழுத்தமாகவே வைத்தார். ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் ஆடினால்தான் ஆழம் பிறக்கும் என்றார். புதிது புதிதாக விதிநூல்களைக் கற்பது வீண் உழைப்பு என்றார். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் திறமையானவராக இருந்தால், டிராகனும் மந்திரவாதியும் உலவும் உலகத்து விதிகளை வைத்தே விண்வெளிக் கதையையும் பேய்க் கதையையும் நடத்திவிடலாம் என்றார். அவருக்குப் பின் வந்த நண்பரோ, மந்திரவாதியையும் லேசர் துப்பாக்கியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது கலப்படம் என்றே சொல்லிவிட்டார்.

ஒரே விதிநூல் போதும் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாதங்களுக்கெல்லாம் அதுதான் வேர்.

விதிகள் கதைக்கு வெளியே நிற்கும் கணக்கு என்று எதிரணித் தலைவர் எண்ணுகிறார். எதற்கு அஞ்ச வேண்டும், எதைத் தேடிப் போக வேண்டும், தோற்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ஆட்டக்காரருக்குச் சொல்லாமல் சொல்லித் தருவது யார்? விதிகள்தானே! டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தையே பாருங்கள். 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ஆட்டம். இந்தக் கலையே அதன் வழியாகத்தான் அச்சேறியது. அதில் பாத்திரம் படிப்படியாக உயரும்போது, அது எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் குறிக்கும் உயிர்ப்புள்ளிகளும் உயர்கின்றன. முதல் படியில் ஒரே வெட்டில் சாயும் வீரன், பத்தாம் படியில் வெட்டுமேல் வெட்டாகத் தாங்கி நிற்கிறான். ஆபத்தை எதிர்த்து நில், நின்றால் வளர்வாய் என்பது அந்த ஆட்டம் தரும் பாடம். அழகான பாடம். அதில் நானும் மனம் நிறைந்து ஆடியிருக்கிறேன்.

இனி கால் ஆஃப் கத்துலு ஆட்டத்துக்கு வாருங்கள். 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த திகில் ஆட்டம். அங்கே நாம் வீரர்கள் இல்லை. பேராசிரியர், நிருபர், மருத்துவர் போன்ற சாதாரண மனிதர்கள். எத்தனை கதைகளைக் கடந்தாலும் உயிர்ப்புள்ளிகள் அப்படியே இருக்கும். கூடவே மனத்தெளிவுக்கு ஒரு கணக்கு உண்டு. காணக்கூடாததைக் கண்டால் பகடை உருட்ட வேண்டும். தவறினால் மனத்தெளிவு குறையும். இதைவிடக் கொடிய விதி ஒன்றும் இருக்கிறது. அந்தப் பயங்கர ரகசியங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு கூடுகிறதோ, மனத்தெளிவின் உச்சவரம்பு அவ்வளவு குறைந்துவிடும். உயிர் பிழைக்க நூலகத்தில் தேடித்தான் ஆக வேண்டும். அங்கே கிடைக்கும் ஏடே உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். அறிவதா, அறியாமல் இருப்பதா என்று மேசையில் அமர்ந்திருப்பவர்கள் உண்மையாகவே தவிப்பார்கள்.

இந்தத் தவிப்பை டிராகன் விதிகளில் வரவழைக்க முயன்று பாருங்கள், நடுவர் அவர்களே. இருட்டறைக்குள் ஏதோ முனகுகிறது என்று கேம் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி எவ்வளவு நயமாகச் சொன்னாலும், ஆட்டக்காரர் குனிந்து தன் பாத்திரத் தாளைப் பார்ப்பார். எண்பது உயிர்ப்புள்ளிகள் இருக்கும். கதவை உதைத்துத் திறப்பார். அவர்மீது தவறே கிடையாது. அஞ்சாதே என்று அந்தத் தாள்தான் அவருக்குச் சொல்கிறது. ஒரே ஆட்டத்தை மட்டும் ஆடியவருக்கு, கதவை உதைப்பது விதிநூல் தந்த பழக்கம் என்பது தெரியவே வழியில்லை. அதுதான் துணிச்சல், அதுதான் தன் இயல்பு என்று நம்பிவிடுவார். எங்கள் அணியின் வாதத்துக்கு உயிர்நாடி இதுதான். தன் பழக்கம் எது, விதியின் பழக்கம் எது என்று பிரித்தறிய இன்னொரு உலகத்துக்குள் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

விண்வெளிப் பக்கம் வருகிறேன். 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்த டிராவலர் ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு நாள் முழுவதும் வேண்டும். நடுவர் மணியடிப்பதற்குள் இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு சூதாட்டம். விண்படை, தரைப்படை, வணிகக் கப்பல், சாரணர் என்று ஏதாவதொரு பணியில் சேர்கிறோம். பாத்திரத்தின் வாழ்வில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பகடை உருளும். இன்னொரு நான்காண்டு நீடித்தால் திறமை கூடும். ஆனால் 34 வயதிலிருந்து முதுமைக்கும் பகடை உருட்ட வேண்டும். பணிக்காலத்தில் பிழைக்கும் பகடை தவறினால், முதல் பதிப்பின் விதிப்படி, கதை தொடங்கும் முன்பே பாத்திரம் இறந்துவிடும்! தப்பிப் பிழைத்து மேசைக்கு வருபவர் பெரும்பாலும் நடுவயதுக்காரர். பெயரெடுக்கத் துடிக்கும் இளைஞனாக அவரை ஆட முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை கிடக்கிறது.

கப்பலைத் தவணையில் வாங்கியவருக்குக் கடனும் கிடக்கிறது. விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும் கட்ட வேண்டும், 480 மாதங்களுக்கு. நாற்பது ஆண்டுகள்! ஒரு சரக்கை ஏற்றலாமா கூடாதா, ஐயத்துக்குரிய பயணியை அழைத்துச் செல்லலாமா என்ற அறக்கேள்விகள் எல்லாம் அந்தத் தவணையின் நிழலில்தான் எழுகின்றன. புதையலுக்காகக் குகைக்குள் இறங்குபவருக்கு இந்த நெருக்கடி வராது.

அந்த ஆட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. ஒளியை மிஞ்சும் வேகத்தில் செய்தி அனுப்ப எந்தக் கருவியும் கிடையாது. கப்பல் ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்; கடிதமும் அதே கப்பலில்தான் போயாக வேண்டும். எங்கள் மேசையில் ஒரு தோழி இதை இறுகப் பற்றிக்கொண்டார். தப்பியோடும் ஒருவரைத் தம் கப்பலில் ஏற்றியிருந்தார். அவரைக் கைதுசெய்யும் ஆணை எந்தக் கோளுக்கு எந்த நாளில் போய்ச் சேரும் என்று ஒரு தாளில் கணக்கிட்டு, ஆணைக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தார். கதையின் கடிவாளமே அவர் கைக்குப் போய்விட்டது.

எதிரணித் தலைவர் கேட்ட ஆழம் இங்கேதான் வருகிறது, நடுவர் அவர்களே. அதே தோழி, நாங்கள் வெகுகாலமாக ஆடிவரும் டிராகன் உலகத்துக்குத் திரும்பியபோது, மன்னர் இறந்துவிட்டார் என்று கேம் மாஸ்டர் அறிவித்தார். உடனே அவர் கேட்டார்: "குதிரை வீரன் எல்லைக் கோட்டைக்குப் போய்ச் சேர எத்தனை நாள்?" அதுவரை எவருக்கும் தோன்றாத கேள்வி. இறந்த மன்னரின் பெயரால் எல்லைத் தளபதி அந்த நாட்களில் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதே அடுத்த பல அமர்வுகளின் கதையாயிற்று. ஆழம் வந்தது, ஆனால் அந்த உலகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்ததால் வரவில்லை. வெளியே போய்விட்டு வந்தவர்தான் அதைக் கொண்டுவந்தார். குண்டுச் சட்டிக்குள் ஓடும் குதிரைக்கு எல்லைக் கோட்டை எட்டுமா?

கலப்படம் என்ற குற்றச்சாட்டுக்கு வரலாறே பதில் சொல்லும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு டேவ் ஆர்னெசன் எழுதிய பிளாக்மூர் துணைநூல் 1975இல் வந்தது. அதில் வரும் தவளைக் கோவிலுக்குள் வேற்றுலகத்தாரும் அவர்களுடைய தொழில்நுட்பமும் ஒளிந்திருக்கின்றன. கைகாக்ஸோ வாள்வீரர்களையும் மந்திரவாதிகளையும் மலையில் விழுந்து கிடக்கும் ஒரு விண்கலத்துக்குள்ளேயே அனுப்பினார். 1976இல் ஆட்டப் போட்டிக்காக எழுதிய அந்தச் சாகசக் கதையை 1980இல் 'எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்' என்று வெளியிட்டார். கையில் கிடைத்த பொருள் துப்பாக்கி என்றே அறியாத பாத்திரங்கள், அதன் பயனைக் கண்டறியத் தனி வரைபடமே அதில் இருக்கிறது. நண்பர் யாருடைய உலகத்தின் தூய்மையைக் காக்க நினைக்கிறாரோ, அந்த இருவருமே அந்த வேலியைக் கட்டவில்லை.

புதிய விதிகளைக் கற்பது உழைப்பு என்றார்கள். பெரிய நூல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஜான் ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்ற விண்வெளி ஆட்டத்தின் விதிகள் முழுவதும் ஒரே பக்கம். ஆட்டக்காரர் இரண்டு முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். அறிவும் கருவியும் வேண்டிய இடத்தில் அந்த எண்ணுக்குக் கீழே பகடை விழ வேண்டும். உணர்ச்சியும் பேச்சும் வேண்டிய இடத்தில் மேலே விழ வேண்டும். ஒன்றில் வலுத்தால் இன்னொன்றில் மெலிவோம். ஒரு மனிதரின் குணத்தை ஒற்றை எண்ணில் சொல்லிவிட்ட அந்தச் சிக்கனத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் உருவாக்கிய அபோகலிப்ஸ் வேர்ல்டைப் பாருங்கள். நாகரிகம் அழிந்த பிறகான உலகம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, பாத்திரத்தின் பண்புக்குரிய எண்ணையும் சேர்த்து, பத்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வந்தால் நடக்கும், ஆனால் ஏதோவொரு விலை கொடுக்க நேரும். ஆறு, அதற்குக் கீழே என்றால் வம்பு வாசலுக்கு வந்துவிடும். எதுவும் நடக்கவில்லை, அடுத்தவர் உருட்டுங்கள் என்று நகர்ந்துபோகும் வெற்றுத் தோல்விக்கு அங்கே இடமே இல்லை. நடத்துபவர் பகடையைத் தொடுவதுகூட இல்லை. கேம் மாஸ்டராக அமரத் தயங்குகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

அந்தத் தயக்கத்தைப் பற்றி எதிரணியினர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நெடுங்காலம் ஒரே உலகில் ஆடும் குழுக்களில் கேம் மாஸ்டர் யார்? தொடக்கத்தில் யார் அமர்ந்தாரோ அவரேதான். ஊர்களின் பெயர்கள், அரச குலங்கள், பழைய பகைகள் எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருப்பதால் வேறு யாரும் அந்த இடத்தில் அமரத் துணிவதில்லை. மற்றவர்கள் வீரர்களாக வளர்ந்துகொண்டிருக்க, அவர் ஆண்டுக்கணக்கில் திரைக்குப் பின்னால் தயாரித்துக்கொண்டே இருக்கிறார். ஆட்டக்காரரின் வளர்ச்சியைப் பற்றித்தானே வழக்காடுகிறோம்; அவருக்கும் ஆடும் ஆசை இருக்காதா? யாராவது ஒருவர் வரமுடியாத வாரத்தில் அமர்வையே ரத்து செய்கிறார்கள். அந்த மாலையில் ஒரு பக்க விண்வெளி ஆட்டத்தை எடுங்கள். இதுவரை நடத்தாத ஒருவர் நடத்தட்டும். வழக்கமான கேம் மாஸ்டரிடம் ஒரு பாத்திரத் தாளையும் பகடையையும் கொடுங்கள். அவர் சார்பாகவும் எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.