லேரேக்கு முந்திய வருடம்

(சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் தமிழ்ப் பெற்றோருக்கான சந்திப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் வேலை, கோயில், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில் ஊரிலிருந்து வந்தவர்கள். சிலர் இங்கேயே பிறந்து, ஒன்பதாம் வகுப்பு முடிந்தும் லேரே, அதாவது வேலையிடத்தில் சம்பளத்தோடு செய்யும் தொழிற்பயிற்சி, இடம் கிடைக்காதவர்கள். இப்போது எல்லோரும் தொழில் ஒருங்கிணைப்பு வகுப்பில் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் இதன் பெயர் வேறு, வேலை ஒன்றுதான்: டொச் (ஜெர்மன் மொழி), கணக்கு, இந்த நாட்டில் வேலையிடம் எப்படி நடக்கிறது என்ற அறிவு, கடைசியில் ஒரு லேரே ஒப்பந்தம்.

பள்ளிக்கூடங்களில் பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்க்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. “சும்மா ஒரு வருஷம் வீணாப் போகுது, தங்கச்சி.” இதை நான் டொச்சில் சொல்லியாக வேண்டும். ஆசிரியருக்குச் சொல்வது பெரிய பாடில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை என்பதுதான் சங்கடம்.

சுவிஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் கட்டாயப் பள்ளிக்குப் பிறகு தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். ஏறக்குறைய 250 தொழில்கள் இருக்கின்றன. 25 வயதுக்குள் நூற்றுக்கு 95 பேர் கையில் ஒரு தொழிற் சான்றிதழோ மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழோ இருக்க வேண்டும் என்பது மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து வைத்த இலக்கு. அந்த இலக்குக்காகத்தான் இந்த வகுப்புகளுக்குக் காசு செலவழிக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு யாரும் தர்மம் செய்யவில்லை. சுவிஸ்காரரின் பிள்ளைகளும் இப்படி இடைவருட வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய மாமி சித்தியெல்லாம் அதைப் பற்றிக் கல்யாண மண்டபத்தில் கதைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து, பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் மேல்நிலைப் பள்ளியான கிம்னாசியத்தின் கதை. “கிம்னாசியம் போகாட்டி யுனிவர்சிற்றி இல்லை” என்று நம்மவர்கள் இன்னும் சொல்கிறார்கள். சரி, ஒரு பிள்ளை பராமரிப்புத் துறைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். டொச் இன்னும் போதாது. இரண்டு வருட லேரே செய்து ‘ஏ-பே-ஆ’ (EBA) என்ற அடிப்படைத் தொழிற் சான்றிதழ் எடுக்கிறாள். நன்றாகச் செய்தால் அதே துறையின் மூன்று வருட ‘ஏ-எஃப்-செட்’ (EFZ) என்ற முழுத் தொழிற் சான்றிதழ்ப் படிப்பில் பெரும்பாலும் இரண்டாம் வருடத்திலேயே சேரலாம். அது முடிந்தால் தாதியர் உயர்கல்லூரி. இடையில் தொழில்சார் மத்தூரா என்ற உயர்கல்வித் தகுதிச் சான்றிதழ் எடுத்தால் தொழில்சார் பல்கலைக்கழகம் (ஃபாக்ஹோக்ஷூலே), அதற்கு மேல் பாசரெல் என்ற கூடுதல் பரீட்சை எழுதினால் வழமையான பல்கலைக்கழகமும் திறந்திருக்கிறது. நீண்ட வழிதான். ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

2018 முதல், லேரேக்குத் தயார்படுத்தும் ஒரு வருட ஒருங்கிணைப்பு முன்லேரே என்றொரு திட்டமும் உண்டு. முதலில் அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கும் எஃப் அனுமதி (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) உள்ளவர்களுக்கும் மட்டும் இருந்தது. 2021 முதல் குடும்ப இணைவில் வந்தவர்களும் சேரலாம். அதுபற்றி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். “எனக்கு டொச் எழுத வராது, நான் எப்படி உதவுறது?” என்று கேட்கிறீர்கள். விண்ணப்பக் கடிதம் எழுத உதவ ஆசிரியர் இருக்கிறார், தொழில் ஆலோசனைக்கு ‘பிட்ஸ்’ நிலையம் இருக்கிறது. வீட்டில் மட்டுமே கிடைக்கக்கூடிய உதவி வேறு.

இங்கே இளையோர் எழுதும் தன்விபரத்தில் பெற்றோரின் பெயரும் தொழிலும் எழுதும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அப்பாவின் தொழில் என்ற வரியில் பேனா நின்றுவிடும். சமையலறை உதவியாளர் என்று எழுதலாமா, வெறும் ‘கஸ்ட்ரோனொமி’ என்று விடலாமா என்று யோசிப்பார்கள். அதிலே வெட்கப்படப் பழக்கியது யார்? பாத்திரம் கழுவும் இடத்தில் தொடங்கி, இப்போது குளிர்சமையல் பகுதியைத் தனியாகப் பார்க்கும் அண்ணைமார் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஒரு நாள் பிள்ளையை உட்காரவைத்து உங்கள் வேலையைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சரக்கு வரும், ஷெஃப் எதற்குக் கோபப்படுவார், புதிதாக வந்த பெடியன் முதல் கிழமையில் என்ன பிழை விடுவான், இதெல்லாம். பாடப் புத்தகத்தில் இது கிடைக்காது. ஷ்னூப்பர், அதாவது சில நாள் வேலையிடத்தில் நின்று தொழிலைப் பார்க்க, போகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆயத்தம் கிடையாது.

இன்னொன்று. வகுப்பில் பிள்ளை படிப்பது எழுத்து டொச். ஷ்னூப்பருக்குப் போன இடத்தில் எல்லோரும் பேர்ன்டூச் என்ற இந்த ஊர்ப் பேச்சு டொச் கதைப்பார்கள். முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, “ஒண்டும் விளங்கேல்லை அம்மா” என்று படுத்துவிடும். இருபது வருடம் முதியோர் இல்லத்திலும் ஹோட்டலிலும் வேலை செய்த உங்களுக்கு எழுத்து டொச்சைவிட பேச்சு டொச் நன்றாக வரும். அதைக் குறையாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் உங்கள் வேலையிடத்துப் பேச்சைப் பேசிக் காட்டுங்கள். இலக்கணம் பிழையாக இருந்தால் இருக்கட்டும். முதலாளி இலக்கணமாகவா பேசப்போகிறார்?

தெரிந்தவர்களைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் லேரே பயிற்சி கொடுக்கிறார்களா, இரண்டு மூன்று நாள் வந்து பார்க்க மகளுக்கு இடம் தருவார்களா என்று கேட்பது இங்கே சர்வசாதாரணம். சுவிஸ் பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அறிமுகத்தோடு நீங்கள் விலகிவிட வேண்டும். பிள்ளைக்காக நீங்கள் தொலைபேசி எடுத்தால், இந்தப் பிள்ளைக்குத் தானே பேசத் தெரியாது என்றுதான் அங்கே நினைப்பார்கள். வீட்டில் ஒத்திகை பாருங்கள். நீங்கள் முதலாளி மாதிரி அவசரமாகப் பேசுங்கள், பிள்ளை பதில் சொல்லட்டும். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. அடுத்த ஆகஸ்டுக்கான லேரே இடங்களுக்கு அந்த இலையுதிர் காலத்திலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே, “இப்பதானே வகுப்புத் தொடங்கினது” என்று இருக்க முடியாது. அதேநேரம் வசந்த காலத்திலும் பல இடங்கள் காலியாகவே இருக்கும். பத்து மறுப்புக் கடிதம் வந்த பிள்ளையை, “உன்ர வயசில நான்...” என்று தொடங்கி ஏச வேண்டாம். அந்த வயதில் நமக்கு மறுப்புக் கடிதம் எழுத யாருமே இருக்கவில்லை.

ஆகஸ்ட் என்றால் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா. எனக்கும் ஆசைதான். ஆனால் பேர்னில் பள்ளி தொடங்குவது ஆகஸ்ட் நடுப்பகுதியில். தேருக்கும் தீர்த்தத்துக்கும் நின்றுவிட்டு வந்தால் முதல் நாட்கள் போய்விடும். அறிவிக்காத வரவின்மை பல இடங்களில் சான்றிதழில் பதியப்படுகிறது, லேரே கொடுப்பவர் மதிப்பெண்ணுக்கு முன் அந்த வரியைப் பார்ப்பதும் உண்டு. சாமத்தியச் சடங்கு, கல்யாணம், ஊருக்குப் போவது எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் விடுப்புக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான்.

அப்புறம் வரி அலுவலகம், டாக்குத்தர், வீட்டுக்காரர் என்று எல்லா இடத்துக்கும் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். வகுப்பு நாளில் அது வேண்டாம். பள்ளிச் சந்திப்புக்குப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைப்பது அதைவிட மோசம், தன்னைப் பற்றிய குறையைத் தானே எப்படிச் சொல்லும்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

காசு என்றதும் எல்லோரும் நிமிர்ந்து இருக்கிறீர்கள். பதினேழு வயதுப் பெடியன் துப்புரவு வேலைக்குப் போனால் லேரேயைவிடப் பல மடங்கு உழைக்கலாம், உண்மை. லேரேயின் முதல் வருடச் சம்பளம் பல தொழில்களில் ஆயிரம் பிராங்கை எட்டாது. ஊரில் கடன், இங்கே வாடகை, எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துப்புரவு வேலையில் முப்பது வயதிலும் ஏறக்குறைய அதே சம்பளத்தில்தான் நிற்பான், முதுகுதான் தேயும். பிள்ளை பயிற்சியில் இருக்கும்வரை, அதிகபட்சம் 25 வயது வரை, பயிற்சிக் கொடுப்பனவு வரும். 2025 முதல் அது மாதம் குறைந்தது 268 பிராங்க். சில மாநிலங்களில் இன்னும் கூட. அதைவிட படிப்புக்கான உபகாரப் பணத்துக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து தரப்போவதில்லை.

கடைசியாக, ஒப்பந்தம் வந்தால் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காக நீங்களும் கையெழுத்திட வேண்டும். வாசித்துவிட்டுப் போடுங்கள். பரீட்சார்த்த காலம் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம். 20 வயது முடியும்வரை வருடத்துக்குக் குறைந்தது ஐந்து கிழமை விடுமுறை சட்டப்படி உண்டு. அந்த ஐந்து கிழமைக்குள் நல்லூரையும் அடக்கப் பாருங்கள்.

நான் பேசியது போதும். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருக்கும் அம்மாமார் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தேநீர் குடித்துவிட்டு அந்த மூலை மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாக வாசிப்போம். பிள்ளையும் வந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கடிதம் அவரைப் பற்றியதுதானே.