1815: யாரும் சுடாத பீரங்கி

[திரை இருட்டாக இருக்கிறது. தொலைவில் ஒரு வெடிச் சத்தம். சற்று நேரம் கழித்து இன்னொன்று.]

1815 ஏப்ரல் 5, சாயங்காலம். ஜாவா தீவில் யோக்யகர்த்தா நகரம். எங்கோ பீரங்கி வெடிக்கும் சத்தம் கேட்கிறது. பக்கத்து முகாமை யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்து அங்கிருந்து ஒரு படைப்பிரிவு கிளம்பிப் போகிறது. கடலோரத்தில் இருந்தவர்களுக்கு வேறு சந்தேகம்: ஏதோ ஒரு கப்பல் ஆபத்தில் மாட்டிக்கொண்டு பீரங்கி சுட்டு உதவி கேட்கிறது போல. படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். மகாசர் துறைமுகத்தில் நின்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பெனாரஸ்' கப்பல், கடற்கொள்ளையர்களைப் பிடிக்கத் தெற்கே போனது.

எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். முகாமை யாரும் தாக்கவில்லை. கப்பல் எதுவும் மூழ்கவில்லை. கொள்ளையர்களும் இல்லை.

அப்படியானால் சுட்டது யார்? அதற்கு அப்புறம் வருவோம்.

வணக்கம். 1815 என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் ஒரே சொல்தான் ஞாபகம் வரும்: வாட்டர்லூ. அதுவும் இந்த வீடியோவில் உண்டு, ஆனால் கொஞ்சமாகத்தான். என்னென்ன நடந்தது என்று மட்டும் வரிசையாகச் சொன்னால் அது பரீட்சைக் குறிப்பு. நடந்தது யாருக்கு எப்போது தெரிய வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வருஷம் பிடிபடுகிறது. ஏனென்றால் கம்பித் தந்தி ஓட இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது. லண்டனிலிருந்து ஒரு கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வர, காற்று ஒத்துழைத்தாலும் மாதக்கணக்கில் ஆகும். அன்றைக்கு உலகத்தில் யார் கையில் இருந்ததும் பழைய செய்திதான்.

[வரைபடம்: அமெரிக்காவின் தெற்குக் கரை.]

வருஷம் தொடங்கியதே ஒரு தபால் தாமதத்தோடுதான். பிரிட்டனும் அமெரிக்காவும் 1812 முதல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1814 டிசம்பர் 24 அன்று ஐரோப்பாவில் கென்ட் என்ற ஊரில் இரண்டு தரப்பும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அந்தக் காகிதம் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டுமே! அது கடலில் மிதந்துகொண்டிருந்தபோது, ஜனவரி 8 அன்று, நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படை ஆண்ட்ரூ ஜாக்சனின் அரண்களை நோக்கி நேராக நடந்தது. சுமார் 2,000 பேர் செத்தோ காயம்பட்டோ பிடிபட்டோ போனார்கள். தளபதி பாகன்ஹாமும் செத்தார். இவர், வாட்டர்லூவில் பிற்பாடு வரப்போகும் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனின் மைத்துனர். அமெரிக்கத் தரப்பில் இழப்பு மிகக் குறைவு. அமெரிக்க செனட் ஒப்புதல் தரும் வரை சட்டப்படி போர் முடியவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த 2,000 பேரின் வீட்டுக்காரர்களிடம் இந்தச் சட்ட நுணுக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். ஜாக்சனுக்கு அந்த வெற்றி பின்னாளில் ஜனாதிபதி நாற்காலி வரைக்கும் கைகொடுத்தது.

[வரைபடம்: இலங்கை. நடுவில் மலைநாடு.]

இப்போது நமக்குப் பக்கத்தில் வருவோம். இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள், அப்புறம் டச்சுக்காரர்கள், 1796-இல் பிரிட்டிஷார். நடுவில் இருந்த கண்டி ராஜ்ஜியம் மட்டும் யாருக்கும் அடங்கவில்லை. மலையும் காடும் காய்ச்சலும் அதற்குக் காவல். 1803-இல் பிரிட்டிஷார் ஒருமுறை உள்ளே போய், கண்டியில் விட்டுவந்த படையையே பறிகொடுத்தார்கள்.

1815-இல் அதே கண்டி கிட்டத்தட்ட சண்டையே இல்லாமல் விழுந்தது. காரணம் உள்ளே இருந்தது. அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. மதுரையோடு உறவுள்ள நாயக்கர் வம்சம். 1739 முதல் கண்டி அரியணை அந்த வம்சத்தின் கையில்தான் இருந்தது. இவர் பதவிக்கு வந்தபோது வயது பதினெட்டு இருக்கும். தன்னை அரியணையில் ஏற்றிய பிரதானியையே பிற்பாடு கொல்ல வைத்தார். அடுத்த பெரிய பிரதானியான எஹெலபொல 1814-இல் பிரிட்டிஷார் பக்கம் தாவியதும், அவருடைய மனைவி மக்களுக்கு மரண தண்டனை கொடுத்தார். கண்டி நகரத்தின் அழகான ஏரியை வெட்டியவரும் இவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இவரை நினைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பகை கவர்னர் பிரவுன்ரிக்குக்கு வசதியாக அமைந்தது. பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் படை கண்டிக்குள் நுழைந்தது. ராஜா அதற்குள் தப்பிவிட்டார், ஆனால் 18ஆம் தேதி பிடிபட்டார். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம். பிரதானிகள் சேர்ந்து தங்கள் ராஜ்ஜியத்தைப் பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைத்தார்கள். பௌத்த மதத்தைக் காப்போம் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. அதே ஒப்பந்தத்தில் ராஜாவின் ஆண் உறவினர் எல்லாரும் எதிரிகள், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் யாரும் மலைநாட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்றும் இருக்கிறது. மலபார் என்றால் கேரளாக்காரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழ் பேசுகிறவர்களை அப்படித்தான் அழைத்தார்கள்.

மார்ச் 2 என்ற தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள்தான் பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு கப்பலிலிருந்து நெப்போலியன் இறங்கினார்.

[வரைபடம்: எல்பா தீவிலிருந்து பாரிஸ் வரை ஒரு கோடு.]

நெப்போலியனைத் தோற்கடித்து எல்பா தீவில் வைத்துவிட்டு, ஐரோப்பாவை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வியன்னாவில் எல்லா அரசுகளும் கூடியிருந்தன. பேச்சு, விருந்து, நடனம், மறுபடியும் பேச்சு. பிப்ரவரி 26 அன்று சுமார் ஆயிரம் பேரோடு நெப்போலியன் எல்பாவிலிருந்து கிளம்பினார். மார்ச் 1-இல் கரையேறினார். வியன்னாவுக்குச் சேதி வந்தது 7ஆம் தேதி. அதே நாளில் கிரனோபிள் பக்கத்தில் அவரைத் தடுக்க வந்த படை, சுடுவதற்குப் பதிலாக அவரோடு சேர்ந்துகொண்டது. இரும்புக் கூண்டில் அடைத்துக் கொண்டுவருகிறேன் என்று மன்னரிடம் வீரம் பேசிவிட்டுப் போன தளபதி நே கூட, போன இடத்தில் கட்சி மாறிவிட்டார். (டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.) மார்ச் 20 அன்று நெப்போலியன் பாரிஸில். மன்னர் பதினெட்டாம் லூயி அதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டார்.

கண்டியில் கொடி ஏற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இது எதுவுமே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை நெப்போலியன் கதை போன வருஷமே முடிந்துவிட்டது. லண்டனுக்கோ, கண்டி கையில் வந்த விஷயம் தெரியாது.

சரி, ஏப்ரலுக்கு வருவோம். அந்தப் பீரங்கி.

[திரை மறுபடியும் இருட்டு.]

ஜாவாவுக்குக் கிழக்கே, பாலி, லொம்போக் தீவுகளைத் தாண்டினால் சும்பாவா என்று ஒரு தீவு. அதில் தம்போரா என்று ஒரு மலை. அப்போது அதன் உயரம் 4,000 மீட்டருக்கும் மேல் இருந்திருக்கும் என்கிறார்கள். ஏப்ரல் 5-இல் கேட்டது அது கனைத்த சத்தம். ஐந்து நாள் கழித்து, 10ஆம் தேதி இரவு ஏழு மணி வாக்கில் அது வெடித்தது. மலை அடிவாரத்தில் இருந்த சங்கார் என்ற குட்டி ராஜ்ஜியத்தின் ராஜா அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிழைத்தார். மூன்று நெருப்புத் தூண்கள் தனித்தனியாக எழுந்து, உச்சியில் ஒன்றாகச் சேர்ந்தன என்று பிற்பாடு சொன்னார். அப்புறம் கல்மழை. அதன் பிறகு வந்த சுழற்காற்று மரங்களை வேரோடும், வீடுகளை ஆட்கள் மாடுகளோடும் தூக்கிக்கொண்டு போயிற்று.

இந்தச் சத்தம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவிலும் கேட்டது. கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று நாள் பகலே இல்லை. கடலில் சாம்பலும் நுரைக்கல்லும் தீவு தீவாக மிதந்தன. வெடித்து முடிந்தபோது மலையின் உயரம் சுமார் 2,850 மீட்டர். உச்சி இருந்த இடத்தில் 6 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். மனிதன் எழுதி வைத்த வரலாற்றில் இதைவிடப் பெரிய எரிமலை வெடிப்பைக் காண்பது கடினம்.

ஜாவா அப்போது பிரிட்டிஷார் கையில். 1811-இல் டச்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடிக்கப் போன படையின் தலைவர் சென்னை ராஜதானியின் சேனாதிபதி ஆக்மியூட்டி. கவர்னராக இருந்தவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ்; பின்னால் சிங்கப்பூரோடு பெயர் ஒட்டிக்கொண்டதே, அவர்தான். எங்கே என்ன கேட்டது, எவ்வளவு சாம்பல் விழுந்தது என்று எழுதி அனுப்பச் சொல்லித் தன் அதிகாரிகளைக் கேட்டார். நமக்கு இவ்வளவு விவரம் கிடைத்ததற்கு அந்தக் கடிதங்கள்தான் காரணம். அரிசியோடு ஓர் அதிகாரியையும் சும்பாவாவுக்கு அனுப்பினார். அவர் போய்ப் பார்த்தபோது வழியெங்கும் பிணங்கள், ஆள் இல்லாத கிராமங்கள். வெடிப்பில் நேரடியாகச் செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வயலெல்லாம் சாம்பலில் புதைந்ததால் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மொத்தம் 70,000-க்கும் மேல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சங்கார் ராஜாவின் ஒரு மகளே பசியால்தான் செத்தாள். ராஜா வீட்டுப் பெண்ணுக்கே அந்தக் கதி.

தம்போரா என்ற ராஜ்ஜியம் அடியோடு போனது. அதோடு அந்த மக்கள் பேசிய மொழியும் போனது. வெடிப்புக்குக் கொஞ்ச காலம் முன்னால் எழுதிவைத்த சில டஜன் சொற்கள் மட்டும் மிச்சம். சுற்றியிருந்த தீவுகளின் மொழிகளோடு அந்தச் சொற்கள் ஒட்டவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

[வரைபடம்: பெல்ஜியம்.]

ஜூன் 18, வாட்டர்லூ. இதைப் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது, நான் நீட்டவில்லை. முந்தின இரவு கொட்டிய மழையால் தரை சேறு. பீரங்கியை நகர்த்தத் தரை காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்தார். அந்தத் தாமதத்துக்குள் புளூக்கரின் பிரஷ்யப் படை வெல்லிங்டனோடு வந்து சேர்ந்துவிட்டது. முடிந்தது. அந்த மழையே தம்போராவால் வந்தது என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெல்ஜியத்தில் ஜூன் மாதம் மழை பெய்ய எரிமலை எதற்கு?

இந்த வெல்லிங்டன் நமக்குப் புதியவர் இல்லை. 1799-இல் திப்பு சுல்தான் விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் இவர்.

வாட்டர்லூ செய்தி மூன்றே நாளில், ஜூன் 21 இரவு, லண்டன் போய்ச் சேர்ந்தது. மேஜர் பெர்சி, பிடிபட்ட இரண்டு பிரெஞ்சுக் கழுகுக் கொடிகள் வண்டி ஜன்னலில் நீட்டிக்கொண்டிருக்க, விருந்து நடந்த வீட்டுக்குள் நேராக ஓடினார். அதே ஜூன் மாதத்தில் தம்போரா வெடித்த விஷயம் லண்டனில் யாருக்கும் தெரியாது.

நெப்போலியனை இந்தமுறை அட்லாண்டிக்கின் நட்டநடுவே செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்பினார்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான தீவு. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் தண்ணீர் பிடிக்கும் இடம். 1805-இல் ஊர் திரும்பும் வழியில் வெல்லிங்டனும் அங்கே தங்கியிருக்கிறார். அக்டோபரில் போய் இறங்கிய நெப்போலியனை முதல் இரண்டு மாதம் தங்க வைத்ததும் அதே வீட்டு வளாகத்தில்தான். பாரிஸில் நெப்போலியனின் மாளிகையில் உட்கார்ந்துகொண்டு, என் அறை அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு வெல்லிங்டன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

அதே பிரிட்டிஷார், தங்களிடம் இருந்த இன்னொரு ராஜாவை 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றினார்கள். கண்ணுசாமியைக் கொண்டுவந்து வைத்தது வேலூர்க் கோட்டையில். பத்து வருஷம் முன்பு, 1806 சிப்பாய்ப் புரட்சி வரைக்கும், திப்புவின் குடும்பத்தை வைத்திருந்த அதே கோட்டை. நெப்போலியன் 1821-இல் செத்தார். கண்டி ராஜா 1832 வரைக்கும் வேலூரில் இருந்து செத்தார். பாலாற்றங்கரையில் அவருடைய முத்து மண்டபம் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் போனால் கோட்டையோடு நிறுத்திவிடாமல் அங்கேயும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

[திரையில் பனி விழுகிறது.]

தம்போரா மேலே தள்ளிய கந்தக வாயு வானத்தின் உயரத்தில் மெல்லிய படலமாகிப் பூமியைச் சுற்றிப் பரவியது. வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. 1816 ஜூனில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி பெய்தது. ஐரோப்பாவில் கோடை முழுவதும் மழை. கோதுமை விளையவில்லை, ரொட்டி விலை ஏறியது, தானியக் கடைகளை ஜனங்கள் உடைத்தார்கள். சூரியனில் கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது, அதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். சாமி கோபம் என்று சிலர். சும்பாவாவின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வெடித்த மலையையும் விளையாத கோதுமையையும் விஞ்ஞானிகள் உறுதியாக முடிச்சுப் போட்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

2004-இல் தம்போராவின் சரிவில் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். சுமார் மூன்று மீட்டர் சாம்பலுக்கு அடியில் ஒரு வீடு இருந்தது. மரமெல்லாம் கரியாகி, ஆனால் நின்ற இடத்திலேயே. உள்ளே வெண்கலக் கிண்ணங்கள், மண் பாண்டங்கள், இரும்புக் கருவிகள், இரண்டு பெரியவர்களின் எலும்புகள்.